எலெக்ட்ரானைக் கொடுப்பது யார்?

வாசகர் கேள்வி – பதில்

கரைசலிலிருந்து உலோகமும் பாலிமரும் (சிறு மூலக்கூறுகள் சங்கிலியாக இணைந்த பொருள்) ஒரு பரப்பின்மேல் படிவது பற்றி வந்திருந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பள்ளி ஆசிரியை, முலாம் பட்டறைத் தொழிலாளி, ஆராய்ச்சி மாணவர் எனப் பலரும் கேட்டிருப்பதால் சில பதில்கள் நீண்டும் சில சுருங்கியும் அமைந்துள்ளன.

கேள்வி: மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டால் செம்பு படிகிறது, ஆனால் விரலால் தேய்த்தாலே உதிர்ந்துவிடுகிறது. அதே கரைசலில் மின்சாரம் பாய்ச்சிப் பித்தளைச் சாவியின்மேல் பூசிய செம்பு உறுதியாக நிற்கிறது. சோதனைக்குழாயில் வெள்ளி ஆடி உண்டாக்கும்போது மின்சாரமே இல்லை. ஆனாலும் படலம் கண்ணாடியில் பிடித்துக்கொள்கிறது. இந்த வேறுபாட்டை மாணவர்களுக்கு எப்படி விளக்குவது? (ஒரு பள்ளி ஆசிரியை)

பதில்: மூன்றிலும் நடப்பது ஒன்றுதான். கரைசலில் நேர்மின்னூட்டத்தோடு இருக்கும் உலோக அயனி எலெக்ட்ரானைப் பெற்று உலோகமாகிறது. செம்பு அயனிக்கு இரண்டு எலெக்ட்ரான் வேண்டும். வெள்ளி அயனிக்கு ஒன்று போதும். அந்த எலெக்ட்ரானைக் கொடுப்பது யார் என்ற கேள்வியை மாணவர்களே கேட்கும்படி செய்யுங்கள். மற்ற வேறுபாடுகளில் பெரும்பாலானவை அந்த ஒரு கேள்விக்கான விடையிலிருந்தே விளங்கிவிடும்.

ஆணியில் எலெக்ட்ரானைக் கொடுப்பது ஆணியேதான். ஒரு செம்பு அணு வந்து அமர வேண்டுமானால் ஓர் இரும்பு அணு கரைந்து வெளியேற வேண்டும். செம்பு உட்காரும் தரையே இப்படிக் கரைந்துகொண்டிருப்பதால் படிவுக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை. ஐந்து நிமிடம் கழித்து ஆணியை வெளியே எடுத்து உருப்பெருக்கியின் அடியில் வைத்துப் பாருங்கள். சிவந்த படிவு வழவழப்பான தகடாக இல்லாமல் ஈரமான பொடியை அப்பி வைத்ததுபோல் இருக்கும். அதன் இடுக்குகளில் இரும்பு கறுத்துத் தெரியும். கரைசலை ஒரு நாள் அப்படியே விட்டுவைத்தால் நீல நிறம் வெளிறி இளம்பச்சையாகும். செம்பு வெளியேறி இரும்பு உள்ளே புகுந்துவிட்டது என்பதற்கு அந்த நிறமே சாட்சி. இரும்பின்மேல் செம்பு முலாம் பூச விரும்பும் பட்டறைகள் அமிலச் செம்புத் தொட்டியில் நேரடியாக இரும்பை இறக்காமல், முதலில் சயனைடுத் தொட்டியில் மெல்லிய செம்பையோ வேறொரு தொட்டியில் நிக்கலையோ பூசிக்கொள்வதற்கும் இதுதான் காரணம்.

சாவியின் கதை வேறு. மின்கலம் எலெக்ட்ரானை வெளிச்சுற்று வழியாகக் கொண்டுவந்து சாவியின் பரப்புக்குத் தருகிறது. சாவி தன்னிடமிருந்து எதையும் இழப்பதில்லை. பரப்பு எண்ணெய்ப்பசையின்றி இருந்தால், வந்து சேரும் செம்பு அணுக்கள் பித்தளையின் படிக அமைப்பைத் தொட்டுக்கொண்டே அடுக்கடுக்காக வளரும். எண்ணெய்ப்பசை போயிற்றா என்று அறிய எளிய வழி உண்டு. கழுவிய பொருளைத் தண்ணீரில் முக்கித் தூக்குங்கள். நீர் முழுப் பரப்பிலும் ஒரே படலமாக அரை நிமிடமாவது நின்றால் பரப்பு தூய்மையானது. எங்காவது விலகித் துளித்துளியாகத் திரண்டால் அந்த இடத்தில் முலாம் பின்னர் உரிந்து வரும்.

வெள்ளி ஆடியில் எலெக்ட்ரானைக் கொடுப்பது கரைசலில் கலந்திருக்கும், ஆல்டிஹைடு தொகுதி கொண்ட குளுக்கோஸ். ஆல்டிஹைடுகள் வெள்ளியை இவ்வாறு படியச் செய்வதை 1835இல் கண்டறிந்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக். இங்கே அம்மோனியா வெள்ளி அயனியைச் சூழ்ந்து பிடித்துக்கொண்டு அவசரமின்றி விடுவிப்பதால், வெள்ளி கண்ணாடிச் சுவரில் மெல்லப் படலமாகச் சேர நேரம் கிடைக்கிறது. ஆனாலும் கொடுப்பவரும் பெறுபவரும் ஒரே கரைசலில் கலந்திருப்பதால் ஒரு பகுதி வெள்ளி கரும்வண்டலாக வீணாவதைத் தவிர்க்க முடியாது. ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: அம்மோனியா கலந்த வெள்ளிக் கரைசலை மறுநாளுக்கென்று எடுத்துவைக்கக் கூடாது. அது தேங்கி நின்றால் தொட்டாலே வெடிக்கும் வெள்ளிச் சேர்மங்கள் உண்டாகும். பாடவேளை முடியுமுன் நீர்த்த அமிலம் சேர்த்து அகற்றிவிடுங்கள்.

கேள்வி: குழாய்களுக்கும் வளைந்த இணைப்புகளுக்கும் நிக்கல் முலாம் பூசுகிறேன். விளிம்புகள் தடித்துக் கருகுகின்றன. உட்புறத்தில் முலாம் ஏறுவதே இல்லை. மின்னோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்துவிட்டேன். (முலாம் பட்டறையில் பணியாற்றும் வாசகர்)

பதில்: முதலில் ஒரு கணக்கு. ஃபாரடே 1830களில் வகுத்த விதியின்படி, 1 ஆம்பியர் மின்னோட்டம் 1 மணி நேரம் பாய்ந்தால் படியக்கூடிய நிக்கல் ஏறத்தாழ 1.1 கிராம். நூறு சதுர சென்டிமீட்டர் பரப்பில் அது ஒரே சீராகப் பரவினால் தடிமன் 12 மைக்ரோமீட்டர். இந்தக் கணக்கு மொத்த எடைக்குத்தான் உறுதி தருகிறது. அந்த எடை எங்கெங்கே எவ்வளவு போய் உட்காரும் என்பதைப் பொருளின் வடிவமே தீர்மானிக்கிறது. விளிம்புக்கும் மூலைக்கும் கரைசலின் பல திசைகளிலிருந்தும் மின்னோட்டம் வந்து குவிகிறது. குழியின் அடிக்கோ குறுகிய நீண்ட பாதை ஒன்றுதான் உண்டு. ஆகவே மின்னோட்டத்தைக் கூட்டினால் விளிம்பு இன்னும் கருகும். குறைத்தால் குழிக்கு ஒன்றும் எட்டாது. நீங்கள் கண்டதும் இதுவே.

நேர்மின்வாய்த் தகடுகளைப் பொருளிலிருந்து இன்னும் தள்ளி வையுங்கள். எல்லா இடங்களுக்கும் உள்ள தொலைவு அப்போது ஓரளவு சமமாகும். கூர்மையான விளிம்புகளை முலாமுக்கு முன்பே மழுக்கிவிடுவது நல்லது. விளிம்பை ஒட்டி ஒரு கம்பியைக் கட்டி அதையும் எதிர்மின்வாயில் இணைத்தால், விளிம்பில் குவிய வேண்டிய மின்னோட்டத்தை அந்தக் கம்பி வாங்கிக்கொள்ளும். குழாயின் உட்புறத்துக்கு மட்டும் இவை எதுவும் போதாது. சுவரைத் தொடாதபடி நடுவே ஒரு துணை நேர்மின்வாயைச் செலுத்தித்தான் ஆக வேண்டும்.

வளைந்த குழாயில் அதையும் செலுத்த முடியாது என்றால் மின்சாரத்தையே விட்டுவிடும் வழி ஒன்று உண்டு. அது கண்டுபிடிக்கப்பட்டதும் ஒரு குழாயை வைத்துத்தான். அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் பிரென்னர், கிரேஸ் ரிடெல் ஆகிய இருவரும் குழாய்களின் உட்புறத்தில் நிக்கல்–டங்ஸ்டன் கலவையை மின்முறையில் படியச் செய்துகொண்டிருந்தார்கள். கரைசலில் இருந்த ஒரு பொருள் ஆக்சிஜனேற்றம் அடையாமல் காக்கவே சோடியம் ஹைப்போபாஸ்பைட்டைச் சேர்த்தார்கள். படிந்த உலோகத்தை நிறுத்துப் பார்த்தபோது ஃபாரடேயின் கணக்கு அனுமதிப்பதைவிட அதிகமாக இருந்தது. நூறு விழுக்காட்டைத் தாண்டிய திறன்! மின்சாரம் கொடுக்காத எலெக்ட்ரான்களை வேறு யாரோ கொடுத்திருக்க வேண்டும். கொடுத்தது ஹைப்போபாஸ்பைட்டு. 1946இல் அவர்கள் வெளியிட்ட அந்த முறையே இன்று மின்சாரமில்லா நிக்கல் முலாம் என்று வழங்குகிறது. ஒரு கணக்கு பொருந்தாமல் போனதை அளவீட்டுப் பிழை என்று ஒதுக்கிவிடாமல் நின்று யோசித்த அந்த இருவரிடமும் எனக்குப் பெருமதிப்பு உண்டு.

இம்முறையில் நிக்கல் பரப்பே வினையூக்கியாகச் செயல்படுவதால், கரைசல் தொடும் இடமெல்லாம், குழாயின் உள்வளைவு உட்பட, ஒரே தடிமனில் படிவு வளரும். வேகம் பொதுவாக மணிக்கு 10 முதல் 20 மைக்ரோமீட்டர். தொட்டியை 85 முதல் 95 டிகிரி செல்சியஸில் வைத்திருக்க வேண்டும். நிக்கல் உப்பும் ஹைப்போபாஸ்பைட்டும் குறையக் குறைய அளந்து சேர்க்க வேண்டும். தூசியோ உலோகத்துகளோ விழுந்தால் அதன்மேலும் நிக்கல் படியத் தொடங்கி, கவனிக்காமல் விட்டால் தொட்டி முழுவதுமே கறுத்துப் பாழாகிவிடும். படிவில் பாஸ்பரசும் சேர்ந்திருக்கும் என்பதால் அதைத் தூய நிக்கல் என்று கருதக் கூடாது. அதன் கடினம், காந்தத்தன்மை, அரிப்பைத் தாங்கும் திறன் எல்லாம் பாஸ்பரசின் அளவுக்கேற்ப மாறும்.

கேள்வி: துத்தநாக முலாம் பூசிய உயர்வலிமை எஃகு போல்ட்டுகள், முறுக்கிப் பொருத்திய மறுநாள் தலை முறிந்து விழுந்தன. முலாமில் ஒரு குறையும் தெரியவில்லை. (ஓர் இயந்திரப் பராமரிப்பாளர்)

பதில்: முறிவுக்கு ஹைட்ரஜனே காரணமாக இருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு. துருவை அகற்ற அமிலத்தில் முக்கும்போதும், பின்னர் முலாம் தொட்டியிலும், எலெக்ட்ரானைப் பெறுவது துத்தநாக அயனி மட்டுமன்று. ஹைட்ரஜன் அயனியும் பெறுகிறது. அவ்வாறு பிறக்கும் ஹைட்ரஜனில் பெரும்பகுதி குமிழியாக வெளியேற, சிறுபகுதி அணுவாகவே எஃகுக்குள் ஊடுருவிவிடுகிறது. மென்மையான எஃகு இதைத் தாங்கும். கடினப்படுத்திய எஃகு, இழுவிசை ஏறி நிற்கும்போது, வெளியே எந்த அறிகுறியும் காட்டாமல் சில மணி நேரமோ சில நாளோ கழித்து முறியும். முலாம் பூசிய சில மணி நேரத்துக்குள், நான்கு மணி நேரத்துக்கு மேல் தாமதிக்காமல், 190 முதல் 220 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பல மணி நேரம் வைத்து ஹைட்ரஜனை வெளியேற்ற வேண்டும். குரோமேட்டுப் பூச்சு கொடுப்பதாக இருந்தால் அதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். அந்தப் பூச்சு இவ்வளவு வெப்பத்தைத் தாங்காது. மிக உயர்ந்த வலிமையுள்ள போல்ட்டுகளுக்கு மின்முலாமையே தவிர்த்து, துத்தநாகச் செதில்களைப் பிசினில் கலந்து பூசும் முறையை நாடுவதே பாதுகாப்பு. அதே தொகுதியில் மீதமிருக்கும் போல்ட்டுகளைத் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள், பொருத்தியவற்றையும் கழற்றிவிடுங்கள்.

கேள்வி: மின்சாரமே கடத்தாத பிளாஸ்டிக் குமிழ்களுக்குப் பளபளக்கும் குரோமிய முலாம் எப்படி ஏறுகிறது? (ஒரு கல்லூரி மாணவி)

பதில்: இதற்குப் பெரிதும் பயன்படும் ஏபிஎஸ் பிளாஸ்டிக்கினுள் பியூட்டாடையீன் ரப்பர் நுண்துகள்களாகச் சிதறிக் கிடக்கும். குரோமிக் அமிலமும் கந்தக அமிலமும் கலந்த சூடான கரைசல் அந்த ரப்பரை மட்டும் அரித்தெடுக்க, பரப்பெங்கும் கண்ணுக்குத் தெரியாத குழிகள் உண்டாகின்றன. பின்னர் வரும் உலோகம் வேரூன்றுவது இந்தக் குழிகளில்தான். அடுத்து வெள்ளீயமும் பல்லேடியமும் கலந்த கூழ்மத்தில் முக்கி, வெள்ளீயத்தை நீக்கிவிட்டால் பல்லேடிய நுண்துகள்கள் வினையூக்கி விதைகளாகப் பரப்பில் நிற்கும். அந்த விதைகளின்மேல் மின்சாரமில்லா முறையில் நிக்கலோ செம்போ மெல்லிய படலமாக வளர்கிறது. இனி அது கடத்தும் பரப்பு என்பதால் மின்முறையில் செம்பு, நிக்கல், இறுதியாகக் குரோமியம் என்று அடுக்கலாம். தொடக்கத்தில் மின்னோட்டத்தைக் குறைவாகவே கொடுக்க வேண்டும். அவசரப்பட்டால் கொக்கி தொடும் இடத்தில் அந்த மெல்லிய படலம் எரிந்து தொடர்பே அறுந்துவிடும். நீங்கள் காணும் குரோமியத்தின் தடிமன் பெரும்பாலும் அரை மைக்ரோமீட்டருக்கும் குறைவு. கீழிருக்கும் நிக்கலே பளபளப்புக்கும் பாதுகாப்புக்கும் ஆதாரம்.

கேள்வி: பிளாட்டினத் தகட்டில் பாலிபைரோல் படலம் அழகாக வளர்கிறது. அதே கரைசலில் மென்னிரும்புத் தகட்டை வைத்தால் படலம் வராமல் தகடுதான் கரைகிறது. என்ன செய்யலாம்? (ஓர் ஆராய்ச்சி மாணவர்)

பதில்: உலோகத்துக்கும் இவ்வகைப் பாலிமருக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு உங்கள் கேள்வியிலேயே இருக்கிறது. உலோகம் எலெக்ட்ரானைப் பெற்று எதிர்மின்வாயில் படிகிறது. பைரோல் எலெக்ட்ரானை இழந்து நேர்மின்வாயில் படிகிறது. எலெக்ட்ரானை இழந்த இரண்டு பைரோல் மூலக்கூறுகள் இணைந்து, இரண்டு ஹைட்ரஜன் அயனிகளை உதிர்க்கின்றன. சங்கிலி நீள நீளக் கரையும் தன்மை குறைந்து பரப்பில் படிகிறது. மூன்று நான்கு வளையங்களுக்கு ஒன்றாகச் சங்கிலியில் எஞ்சி நிற்கும் நேர்மின்னூட்டத்தைச் சமன்செய்யக் கரைசலில் உள்ள எதிர்மின்னூட்ட அயனி (எதிரயனி) உள்ளே புகுகிறது. அந்த எதிரயனியோடு கூடிய வடிவமே மின்சாரத்தைக் கடத்துகிறது. ஆகவே படலம் தடித்த பிறகும் அதன் வழியாகவே எலெக்ட்ரான் வெளியேற முடிகிறது, வளர்ச்சி நிற்பதில்லை. பீனாலை இப்படி ஆக்சிஜனேற்றினால் கிடைக்கும் படலம் கடத்தாப் பொருள் என்பதால், மிக மெல்லியதாக மூடியதுமே வளர்ச்சி தானாக நின்றுவிடும்.

பிளாட்டினம் எலெக்ட்ரானை இழக்க விரும்பாத உலோகம். எனவே பைரோல்தான் இழக்க வேண்டியிருக்கிறது. இரும்போ பைரோலுக்கு வெகு முன்பே, மிகக் குறைந்த மின்னழுத்தத்திலேயே, எலெக்ட்ரானை இழந்து கரையத் தயாராக உள்ளது. மின்னழுத்தத்தைக் கூட்டினால் கரைதல்தான் விரைவுபடும். இரும்பின் கரைதலைத் தடுத்து, எலெக்ட்ரான் மட்டும் கடக்க வழிவிடும் ஓர் இடைப்படலம் உங்களுக்குத் தேவை. நீரில் ஆக்சாலிக் அமிலத்தையும் பைரோலையும் கலந்து முயலுங்கள். தொடக்கத்தில் சிறிது இரும்பு கரையும். அது ஃபெரஸ் ஆக்சலேட்டாகத் தகட்டின்மேலேயே படிந்து பரப்பை அடக்கும். அதன் பிறகே பாலிபைரோல் கறுப்பாகப் படரத் தொடங்கும். இந்தக் காத்திருப்பு நேரம் மின்னழுத்த வரைபடத்தில் தெளிவாகத் தெரியும் என்பதால், முதல் சில நிமிடங்களில் படலம் வரவில்லையென்று சோதனையை நிறுத்திவிடாதீர்கள்.

வேறு சில குறிப்புகள். பைரோல் புட்டியில் இருந்தபடியே பழுப்பேறும். பயன்படுத்துமுன் வாலைவடித்து, இருளில், குளிரில் வையுங்கள். நீருக்குப் பதிலாக அசிட்டோநைட்ரைல் என்னும் கரைப்பானில் செய்வதாக இருந்தால் ஒரு விழுக்காடு அளவுக்கு நீர் சேர்ப்பது படலத்தின் தரத்தை உயர்த்தும். மின்னழுத்தம் எல்லை மீறினால் சங்கிலி மேலும் ஆக்சிஜனேற்றம் அடைந்து கடத்துதிறனை நிரந்தரமாக இழக்கும்.

இந்தத் துறையின் வேர் நாம் நினைப்பதைவிடப் பழையது. 1862இலேயே ஆங்கில வேதியியலாளர் லெதபி அனிலீனைக் கந்தக அமிலத்தில் மின்பகுத்து, நேர்மின்வாயில் கருநீலப் படிவு ஒன்றைக் கண்டார். ஆனாலும் மின்முறையில் உறுதியான பாலிபைரோல் படலத்தை டியாஸும் அவருடைய குழுவினரும் உருவாக்கியது 1979இல்தான். கடத்தும் பாலிமர்களுக்காக ஹீகர், மெக்டையார்மிட், ஷிரகாவா ஆகியோருக்கு நோபல் பரிசு 2000இல் கிடைத்தது. மின்சாரமின்றியும் இவற்றைப் படியச் செய்யலாம். அமிலத்தில் கரைத்துக் குளிரவைத்த அனிலீனுடன் அம்மோனியம் பெர்சல்பேட்டைச் சேர்த்து, அதில் ஒரு துணியை முக்கி வையுங்கள். சிறிது நேரம் எதுவும் நிகழாது. பிறகு கரைசல் நீலமாகி, கரும்பச்சையாக மாறும். துணியின் இழைகளில் மட்டுமின்றிக் குவளையின் உட்சுவரிலும் பச்சைப் படலம் ஏறியிருக்கும். இங்கே எலெக்ட்ரானை வாங்கிக்கொள்வது பெர்சல்பேட்டு. அனிலீன் நச்சுப்பொருள், தோல் வழியாகவும் உடலில் சேரும் என்பதால் கையுறையும் நச்சாவியை வெளியேற்றும் புகைக்கூண்டும் கட்டாயம் வேண்டும்.

கேள்வி: கார் உடற்கூட்டைத் தொட்டியில் முக்கி மின்சாரத்தால் வண்ணம் பூசுகிறார்களே, அதுவும் இதே வகைதானா? (ஒரு வாசகர்)

பதில்: இல்லை. அங்கே பிசின் முன்பே பாலிமராகத்தான் இருக்கிறது. அமீன் தொகுதிகளில் அமிலம் சேர்ந்திருப்பதால் நேர்மின்னூட்டம் பெற்று நீரில் விரவி நிற்கிறது. எலெக்ட்ரானைப் பெறுவது பிசின் அன்று, நீர். உடற்கூட்டின் பரப்பில் நீர் பிளந்து ஹைட்ரஜனும் காரமும் உண்டாகின்றன. காரம் பிசினின் மின்னூட்டத்தைப் பறிக்க, பிசின் அங்கேயே திரிந்து படிகிறது. படலம் கடத்தாது என்பதே இதன் சிறப்பு. வெளிப்புறம் மூடியதும் மின்னோட்டம் இன்னும் மூடப்படாத உட்குழிகளைத் தேடிச் செல்லும். மேலே நிக்கல் முலாம் பற்றிக் கேட்ட வாசகரின் தலைவலி இங்கே தானாகத் தீர்ந்துவிடுகிறது. சில நூறு வோல்ட்டில், ஏறத்தாழ 20 மைக்ரோமீட்டர் தடிமனில் படிந்த பிறகு சூளையில் சுட்டு இறுகச் செய்கிறார்கள்.

கேள்வி: மின்சுற்றுப் பலகைகளின் துளைச் சுவரில் பல்லேடியம் இல்லாமலேயே செம்பு ஏற்ற முடியுமா? (மின்னணுத் துறை வாசகர்)

பதில்: முடியும், பாலிமரும் உலோகமும் கைகோக்கும் அருமையான இடம் இது. துளையின் சுவர் எப்பாக்ஸிப் பிசினும் கண்ணாடி இழையும். பலகையைப் பெர்மாங்கனேட்டுக் கரைசலில் முக்கினால், பிசினை ஆக்சிஜனேற்றிய பெர்மாங்கனேட்டு, மாங்கனீசு டையாக்சைடாகச் சுவரிலேயே தங்கிவிடும். அந்த டையாக்சைடும் ஓர் ஆக்சிஜனேற்றி. பின்னர் பைரோல் போன்ற மோனோமர் (பாலிமர்ச் சங்கிலியின் தனி மூலக்கூறு) அமிலத்தோடு வந்து தொடும்போது, டையாக்சைடு எங்கே இருக்கிறதோ அங்கே மட்டும் கடத்தும் பாலிமர் உருவாகிறது. செம்புத் தகட்டின் மேற்பரப்பில் உருவாவதில்லை. இனி மின்முறையில் செம்பு, துளையின் இரு விளிம்புகளிலிருந்தும் பாலிமரின் மேல் படர்ந்து நடுவில் சந்திக்கும். இந்தத் தொட்டியில் அழகுக்கான செம்பு முலாமைவிடச் செம்பு உப்பு குறைவாகவும் கந்தக அமிலம் மிகுதியாகவும் இருக்க வேண்டும். கரைசல் நன்கு கடத்தினால்தான் துளையின் நடுப்பகுதிக்கும் மின்னோட்டம் போதிய அளவு சென்று சேரும்.

கேள்வி: பயன்படுத்தித் தீர்ந்த கரைசல்கள் எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் சேர்த்துச் சுண்ணாம்பு கலந்து விடுகிறோம். போதுமா? (சிறு பட்டறை உரிமையாளர்)

பதில்: போதாது என்பது மட்டுமன்று, உயிருக்கே ஆபத்து. சயனைடுக் கரைசலோடு அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சயனைடு வாயு வெளிவரும். ஆகவே அந்த இரண்டுக்கும் தனித்தனிக் குழாயும் தனித்தனித் தொட்டியும் வேண்டும். சயனைடைக் காரநிலையில் வைத்தே ஹைப்போகுளோரைட்டால் சிதைக்க வேண்டும். ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் விளைவிப்பது; சுண்ணாம்பு அதை வீழ்படிவாக்காது. முதலில் அமிலநிலையில் பைசல்பைட்டைச் சேர்த்து மூன்று இணைதிறனுக்கு ஒடுக்கிய பிறகே காரம் சேர்த்தால் ஹைட்ராக்சைடாகப் படியும். மின்சாரமில்லாச் செம்பு, நிக்கல் கரைசல்களில் உலோக அயனியை அணைவுப்பொருள் (அயனியைச் சூழ்ந்து பிடித்துக்கொள்ளும் சேர்மம்) இறுகப் பற்றியிருப்பதால் சுண்ணாம்பிட்டாலும் உலோகம் பெருமளவு நீரிலேயே தங்கிவிடும். அதையும் பிறவற்றோடு கலக்காமல் தனியே சேர்த்து, அணைவை உடைக்கும் வசதியுள்ள சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்புங்கள். இந்த வேலையை முடிக்கும்வரை இப்போதுள்ள பொதுத்தொட்டியில் புதிதாக எதையும் ஊற்றாதீர்கள். அதன் அருகில் யாரும் தனியாக வேலை செய்ய வேண்டாம்.